காலில் போட்டு ஊற்றலாம், மூக்கில் ஊற்றக் கூடாது

தமிழ்நாட்டில் இன்று வீட்டில் பிறக்கும் குழந்தை அபூர்வம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. திண்டுக்கல் மாவட்டத்துச் செம்பட்டிக்காரர்களுக்கும் ஆத்தூர், சின்னாளபட்டி, காந்திகிராமம், திண்டுக்கல் என்று ஏதோ ஓர் ஊர் மருத்துவமனையில் பிள்ளை பிறந்து, சுகப்பிரசவம் என்றால் மூன்றாம் நாள் வாக்கில் வீடு வந்து சேர்கிறது. வந்ததும் அம்மாச்சி துணியை விலக்கிப் பார்ப்பார். தொடை இடுக்கில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கும். தலைமுடி பிசுபிசுவென்று இருக்கும். "மூணு நாளா பிள்ளைக்குத் தண்ணியே ஊத்தலையா? என்ன ஆஸ்பத்திரியோ!" என்று அடுப்பில் அண்டாவை ஏற்றச் சொல்வார்.

மருத்துவமனை மறந்துவிடவில்லை. வேண்டுமென்றேதான் குளிப்பாட்டாமல் அனுப்பியிருக்கிறது. இந்த ஒன்றை வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

பிறந்த குழந்தையின் உடம்பில் வெண்ணெய் தடவியது போல ஒட்டியிருக்கும் வெள்ளைப் பூச்சு அழுக்கு இல்லை. கருப்பையின் நீருக்குள் பல மாதம் கிடந்த தோல் ஊறிப்போகாமல் காத்தது அதுதான். அதில் முக்கால் பங்குக்கு மேல் நீர்; மீதி கொழுப்பும் புரதமும். கிருமிகளைத் தடுக்கும் புரதங்களும் அதில் இருக்கின்றன. வெளியே வந்த பிறகு தோல் காய்ந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. தேய்த்து எடுக்காமல் விட்டால் ஓரிரு நாளில் தானே தோலுக்குள் ஊறிவிடும். அதனால்தான் பிறந்து 24 மணி நேரம் கழியும்வரை குளிப்பாட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரத்தமும் கழிவும் மட்டும் துடைத்தால் போதும். தாய்க்கு எச்.ஐ.வி. அல்லது மஞ்சள் காமாலை பி வைரஸ் இருந்தால் மருத்துவமனையே முன்னதாகக் குளிப்பாட்டலாம். அது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு.

இன்னொரு லாபமும் உண்டு. அமெரிக்காவில் கிளீவ்லேண்டில் ஒரு மருத்துவமனை, பிறந்த கொஞ்ச நேரத்தில் குளிப்பாட்டும் வழக்கத்தை நிறுத்தி, குறைந்தது 12 மணி நேரம் தள்ளிப் போட்டுப் பார்த்தது. தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளின் பங்கு 59.8 சதவீதத்திலிருந்து 68.2 சதவீதமாக உயர்ந்தது. முடிவு 2019இல் வெளியானது. குழந்தையின் கையில் ஒட்டியிருக்கும் பனிக்குட நீரின் மணம் அது மார்பைத் தேடிப் போக உதவுகிறது என்பது ஒரு விளக்கம். குளித்துக் குளிர்ந்துபோன பிள்ளைக்கு உறிஞ்சத் தெம்பு இருக்காது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் கூடுதல் வலுவாகத் தெரிகிறது.

குளிர் என்றதும் செம்பட்டியில் சிரிப்பார்கள். சித்திரையில் தார்ச்சாலையில் கால் வைக்க முடியாத ஊர் இது. ஆனால் குழந்தை குளிர்ந்துபோவது வெளியே அடிக்கிற வெயிலை மட்டும் பொறுத்தது இல்லை. ஈரத் தோலிலிருந்து நீர் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு பெரியவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. தலையே உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு. நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கும். பச்சைக் குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. முதுகிலும் கழுத்திலும் சேர்ந்திருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடாக வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு அந்தக் கொழுப்பும் போதுமான அளவு இருக்காது. பிறந்தவுடன் துடைக்காமல் ஈரத்தோடு விட்டால் 10 முதல் 20 நிமிடத்தில் உடம்புச் சூடு 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் என்பது மருத்துவக் கணக்கு. மேலே மின்விசிறி ஓடினால் கோடையிலும் இதேதான். ஆடிக் காற்றில், மார்கழி விடியலில் கேட்கவே வேண்டாம்.

குளிர்ந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. கையின் புறப்பக்கத்தால் குழந்தையின் வயிற்றையும் உள்ளங்காலையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடு, கால் சில்லென்று இருந்தால் குளிர் பிடிக்கத் தொடங்கிவிட்டது. வயிறும் சில்லென்றால் அது ஆபத்து. தெர்மாமீட்டர் இருக்கும் வீட்டில் அக்குளில் வைத்துப் பார்த்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை சரியான அளவு, பாரன்ஹீட்டில் 97.7 முதல் 99.5.

இதில் ஏமாந்துபோகிற இடம் ஒன்று உண்டு. "குளிக்க ஊத்துனா பிள்ளை அசந்து தூங்குது" என்று சந்தோஷப்படுவோம். பெரும்பாலும் அது நல்ல தூக்கம்தான். வெந்நீர் பட்டு, அழுது ஓய்ந்து, பால் குடித்துத் தூங்குகிற குழந்தை அது. ஆனால் குளிர்ந்துபோன குழந்தையும் அப்படியேதான் சத்தமில்லாமல் துவண்டு கிடக்கும். குளித்து அரை மணி கழித்து உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டோம்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம், தொப்புள் கொடி விழும்வரை, துடைத்துவிட்டால் போதும் என்பது என் கட்சி. கொடி விழுமுன்பே தொட்டித் தண்ணீரில் இறக்கிக் குளிப்பாட்டலாம், பிறகு ஈரம் போகத் துடைத்தால் ஒன்றும் ஆகாது என்று வெளிநாட்டு வழிகாட்டிகள் சில சொல்கின்றன. தப்பில்லை. ஆனால் தொட்டியில் எப்போதோ பிடித்து வைத்த தண்ணீர், ஈரம் காயாத மழை நாள், கொடியில் ஏதாவது தடவத் துடிக்கும் கைகள் என்று நம் வீட்டு நிலவரத்தைப் பார்த்தால் காத்திருப்பதே மேல். கொடி ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் தானே உதிரும். மூன்று வாரம் தாண்டியும் விழவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அதில் மஞ்சள், விபூதி, எண்ணெய், சுட்ட வசம்புச் சாம்பல் எதுவும் வேண்டாம். காய விடுவதுதான் அதற்கு மருந்து. கட்டும் துணி கொடிக்குக் கீழே இருக்கட்டும். மூத்திர ஈரம் அதில் ஏறக் கூடாது. பச்சைக் கொடியில் கண்டதைத் தடவி வில்வாத ஜன்னி வந்து குழந்தைகள் இறந்த காலம் ஒன்று இருந்தது. தாய்க்குப் போடும் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் அதை விரட்டின. பச்சிளம் குழந்தைகளின் வில்வாத ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல்தான் அறிவிப்பு வந்தது. அவ்வளவு பழைய கதை இல்லை.

துடைப்பது சுலபம். காற்று வராத அறை, நிறுத்திய மின்விசிறி, வெதுவெதுப்பான நீர், துவைத்துக் காய்ந்த மெல்லிய பருத்தித் துணி. கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒருமுறை துடைத்து, அடுத்த கண்ணுக்குத் துணியின் வேறு பகுதியை எடுக்க வேண்டும். பிறகு முகம், கழுத்து மடிப்பு, அக்குள், கை, கால், கடைசியில் பின்புறம். துடைக்கிற பகுதி மட்டும் வெளியே இருக்கட்டும், மற்றதெல்லாம் போர்வைக்குள். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். ஆண் குழந்தையின் குறித்தோலைப் பின்னுக்கு இழுக்கக் கூடாது. பால் வடிந்து கழுத்து மடிப்பில் தங்கினால் ஒரே நாளில் புண்ணாகிவிடும். தினமும் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

பிறந்தபோது 2.5 கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை. 2 கிலோவுக்கும் குறைவு என்றால் மருத்துவமனை சரி என்று சொல்லும்வரை குளிப்பாட்டல் என்ற பேச்சே வேண்டாம். அந்தப் பிள்ளைக்குத் தேவை தாயின் நெஞ்சுச் சூடு. மார்போடு மார்பாக, தோலோடு தோலாகக் கட்டிக்கொள்ளும் கங்காரு முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கியது. போதிய இன்குபேட்டர் இல்லாத ஓர் அரசு மருத்துவமனை கண்டுபிடித்த வழி அது. இப்போது பல நாடுகளில் செய்கிறார்கள். அப்பாவும் அப்பத்தாவும்கூட அப்படி வைத்துக்கொள்ளலாம்.

கொடி விழுந்து, தொப்புள் காய்ந்துவிட்டது. இனி ஊற்றலாம்.

நம் ஊரில் குழந்தையைக் காலில் போட்டு ஊற்றுகிற முறை இருக்கிறதே, அதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. கடையில் விற்கிற பிளாஸ்டிக் தொட்டியில் சோப்பு நுரையோடு கை வழுக்கினால் குழந்தை தண்ணீருக்குள். இரண்டு அங்குல நீரில்கூடக் குழந்தை மூழ்கும். நீட்டிய காலில் தண்ணீர் தேங்குவதே இல்லை, ஊற்றியது ஓடிவிடுகிறது. இரண்டு கால்களுக்கும் நடுவில் குழந்தைக்கு அளவெடுத்த மாதிரி ஒரு பள்ளம். ஊற்றுகிறவரின் சூடும் அதற்குக் கிடைக்கிறது. ஆகவே "அந்தக் காலத்துப் பழக்கம்" என்று இதை ஒதுக்க வேண்டியதில்லை. ஒதுக்க வேண்டியவை வேறு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தண்ணீர். நம் வீடுகளில் நடக்கிற பெரிய விபத்து இங்கேதான். கொதிக்கிற அண்டாவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஊற்ற ஊற்ற விளாவிக்கொண்டே இருப்பது பழக்கம். "சூடு ஆறிடுச்சு, இன்னும் ஒரு செம்பு ஊத்து" என்று மடியில் பிள்ளை இருக்கும்போதே கொதிநீரை வாளியில் ஊற்றுவார்கள். 60 டிகிரி வெந்நீர் பிஞ்சுத் தோலை நொடிகளில் வேகவைத்துவிடும். பெரியவர்களின் உள்ளங்கை காய்த்துப்போனது. சூட்டை அது குறைத்துத்தான் சொல்லும். அதனால் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர், நன்றாகக் கலக்கி, முழங்கையை முக்கிப் பார்க்க வேண்டும். சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. கணக்காகச் சொன்னால் 37, 38 டிகிரி. உடம்புச் சூட்டை ஒட்டியது. வேண்டிய நீர் முழுவதையும் விளாவி முடித்து, கொதி அண்டாவை அடுக்களைக்கே திருப்பி அனுப்பிய பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளிக்குள் ஹீட்டர் கம்பியைப் போட்டுச் சுட வைக்கிறவர்கள், சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கம்பியை வெளியே எடுத்த பிறகே வாளியில் கை வைக்கவும். இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

அடுத்தது கை எட்டும் தூரம். துண்டு இரண்டு, மாற்று உடை, தொப்பி எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும். ஊற்ற ஒருவர், துண்டோடு வாங்க ஒருவர். இந்த இரண்டாவது வேலை அப்பாக்களுக்கு உரியது. செய்து பார்த்தவர்கள் விடமாட்டார்கள். போன் அடித்தாலும் வாசலில் ஆள் வந்தாலும் குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு எழக் கூடாது. மோதிரம், வளையலைக் கழற்றி, நகம் வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு உட்காருங்கள். எண்ணெய் சிந்திய சிமெண்டுத் தரையிலும் டைல்ஸிலும் வழுக்கி விழுகிற பாட்டிமார்கள் உண்டு. தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து, குளித்து முடித்ததும் குழந்தையை முதலில் கை மாற்றிவிட்டுப் பிறகு எழுவதே சரி.

கணுக்கால் பக்கம் தலை, நம் வயிற்றுப் பக்கம் கால் இருக்க மல்லாத்திப் போட வேண்டும். காலின்மேல் ஒரு பருத்தித் துணியை மடித்துப் போட்டால் வழுக்காது. சாண் உயரத்திலிருந்து, சின்னச் சொம்பால், கை மறைப்பில் வழிய விட வேண்டும். முகத்தில் ஊற்றக் கூடாது. முகத்துக்கு நனைத்த துணி போதும். குப்புறப் போடும்போது நெற்றியை உள்ளங்கையில் தாங்கி, மூக்கும் வாயும் தாராளமாக வெளியே தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் வழக்கமாகத் தலைக்குத்தான் முதலில் ஊற்றுவோம். அதை மாற்றிக் கடைசிக்கு வையுங்கள். ஈரத் தலையோடு இருக்கிற நேரம் குறையும். சூடு போவதும் குறையும். உச்சிக்குழியைக் கண்டு பயப்பட வேண்டாம். மெதுவாகத் தடவிக் கழுவலாம். ஆனால் அதை அழுத்தவோ எண்ணெயைக் குழியில் நிரப்பவோ தேவையில்லை. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து.

துண்டில் வாங்கியதும் தலையை முதலில் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு காதுக்குப் பின்னால், கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. நனைந்த துண்டை வீசிவிட்டுக் காய்ந்த துண்டுக்கு மாற்ற வேண்டும். இந்த இரண்டாவது துண்டைத்தான் பல வீடுகளில் மறக்கிறோம். உடை, தொப்பி போட்டு, உடனே தாயின் மார்பில். வயிறு நிறையப் பால் குடித்தவுடன் ஊற்றினால் கக்கும். பசித்துக் கதறும்போது ஊற்றினால் இருவருக்கும் நிம்மதி இல்லை. இரண்டு பாலுக்கு நடுவில், வெயில் ஏறிய காலை பத்து மணி வாக்கில் நல்ல நேரம்.

சோப்பு அதிகம் வேண்டாம். பிஞ்சுத் தோல் பிறந்த சில வாரங்களில் மெல்ல அமிலத் தன்மைக்கு மாறி, கிருமிகளுக்கு எதிராகத் தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது. சாதாரணச் சோப்பு காரம். அந்த வேலையைக் கெடுக்கும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் இன்னொரு சிக்கல்: உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகத் தோலில் ஒட்டிக்கொள்ளும், எளிதில் போகாது. நுரை வரவில்லையே என்று மேலும் தேய்ப்போம். குடிக்கப் பிடிக்கிற நல்ல தண்ணீரில் ஒரு வாளி இந்தப் பிள்ளைக்கு ஒதுக்கினால் ஊருக்கு ஒன்றும் பஞ்சம் வந்துவிடாது. 2015இல் தமிழக அரசு தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் இருந்தன. எண்ணெய், ஷாம்பு, சோப்பு, துண்டு எல்லாம் அதில் உண்டு. பெட்டியில் கொடுத்தார்கள் என்பதற்காக முதல் வாரமே எல்லாவற்றையும் திறக்க வேண்டியதில்லை. துண்டை மட்டும் முதலில் எடுங்கள். சோப்பு, மலம் ஒட்டிய இடத்துக்கும் மடிப்புகளுக்கும், வாரம் இரண்டு மூன்று முறை போதும். கடலை மாவும் பயத்தமாவும் பெரியவர்கள் தோலுக்கு நல்லவை. பச்சைக் குழந்தையின் தோலில் அவை உரசிச் சிராய்க்கும். மடிப்பில் தங்கிப் புளிக்கும். பூனைமுடி உதிர வேண்டும் என்று மாவு போட்டுத் தேய்ப்பதும் வீண். அது தானாகவே உதிரும்.

எண்ணெய்க்கு நான் எதிரி இல்லை. தேங்காய் எண்ணெயைக் கையில் தேய்த்துச் சூடாக்கி மெல்லத் தடவுவது தோலுக்கு நல்லது. மும்பையில் 2005இல் வெளியான ஓர் ஆய்வு, தேங்காய் எண்ணெய் தடவிய குறைமாதக் குழந்தைகள் கூடுதலாக எடை ஏறியதைக் காட்டியது. கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோலின் காப்பைக் கெடுக்கின்றன என்று ஆய்வுகள் உண்டு. விலை அதிகம் என்பதால் ஆலிவ் உசத்தி ஆகிவிடாது. தடவலாம், உருவக் கூடாது. கை கால்களைப் பிடித்து முறுக்குவதும் மூட்டைச் சொடுக்கெடுப்பதும் பச்சைக் குழந்தைக்கு வேண்டாம்.

இனி, ஒதுக்க வேண்டியவை. எல்லாவற்றிலும் மோசமானது மூக்கில் எண்ணெய். "ரெண்டு சொட்டு விட்டாத்தான் சளி கட்டாது" என்று நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ விடுவார்கள். தண்ணீர் தப்பிப்போனால் குழந்தை இருமித் துப்பப் பார்க்கும். எண்ணெய் அப்படி இல்லை. இருமலைத் தூண்டாமலே வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கே அதைச் செரிக்க ஆளில்லை. தேங்கிய இடத்தில் அழற்சி, பிறகு நிமோனியா. எண்ணெயால் வரும் இந்த நிமோனியா தென்னிந்தியக் குழந்தைகளிடம் இருப்பதைப் பற்றி 1973இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்துவிட்டது. ஐம்பது வருடம் ஆகியும் நாம் சொட்டு விடுவதை நிறுத்தவில்லை. சாதாரண நிமோனியா மருந்துக்கு அடங்குவது போல இது சீக்கிரம் அடங்காது. காதில் விடுவதும் வேண்டாம்.

தொண்டைக்குள் விரலை விட்டுக் கோழை எடுப்பது, மூக்கில் வாய் வைத்து ஊதுவது, கத்திக் கத்தி அழட்டும் என்று தலைகீழாகத் தூக்குவது, மூன்றும் ஆபத்து. விரலில் இருக்கிற கிருமி நேரே தொண்டைக்குப் போகிறது. நகம் பட்டால் ரத்தம். பிறந்த குழந்தையின் மார்பு, ஆணோ பெண்ணோ, சில நாள் வீங்கிப் பாலும் சுரக்கலாம். தாயின் ஹார்மோன் குழந்தைக்கு வந்ததால் அப்படி. தொடாமல் விட்டால் வற்றிவிடும். பிதுக்கி எடுத்தால் சீழ்கட்டி அறுவைச் சிகிச்சையில் கொண்டு விடும். மூக்கை நீவி எடுப்பாக்குவதும் தலையை அமுக்கி உருண்டையாக்குவதும் நடக்காத காரியம். பிறப்புப் பாதையில் நசுங்கிய தலை தானே சரியாகும். மூக்கு உங்கள் வீட்டு மூக்காகத்தான் இருக்கும்.

சாம்பிராணி விஷயத்தில் சண்டை வரும். அந்த மணம் இல்லாமல் பிள்ளை பெற்ற வீடா என்று எனக்கும் தோன்றும். ஆனால் புகை புகைதான். சின்ன மூச்சுக்குழாய்க்குள் அது எரிச்சலைத்தான் தரும், வீசிங் இருக்கிற குடும்பம் என்றால் இன்னும் மோசம். தணல் சட்டி மேல் குழந்தையைக் காட்டும்போது கை தவறினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தலை காயத் துண்டு போதும். மணம்தான் வேண்டும் என்றால் பிள்ளை இல்லாத அறையில் போட்டுக்கொள்ளலாம். முகப்பவுடர் கொட்டும்போது பறக்கிற தூளும் மூச்சில்தான் போகிறது. கண்ணுக்கு மை வேண்டாம். கடை மையில் ஈயம் இருந்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. திருஷ்டிக்கு என்றால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வையுங்கள், தெய்வம் ஏற்றுக்கொள்ளும். வசம்பையும் உரை மருந்தையும் நாக்கில் தேய்க்க வேண்டாம். ஆறு மாதம்வரை வாய்க்குள் தாய்ப்பாலைத் தவிர, மருத்துவர் எழுதிக் கொடுத்தது மட்டும்தான். மணிக்கட்டில் கட்டிய வசம்பு வளையல் வாய்க்குப் போகும், அறுந்தால் தொண்டையில் அடைக்கும்.

இதையெல்லாம் அப்பத்தாவிடம் யார் சொல்வது? காசு கொடுத்துக் குளிக்க ஊற்ற வரவழைக்கிற பாட்டியிடம் யார் சொல்வது? பெற்ற பெண் சொன்னால் எடுபடாது. இந்த வட்டாரத்தில் அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டிப் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1952இல் ஆத்தூர்த் தொகுதி சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர் சௌந்தரம். அங்கே வளர்ந்த கஸ்தூரிபா மருத்துவமனையும் ஊரக சுகாதார நிறுவனமும் கிராமத்துப் பெண்களைச் சுகாதார ஊழியர்களாகப் பயிற்றுவித்து ஊர்களுக்கே அனுப்பின; ஆத்தூர் ஒன்றியம் அவர்களுடைய குடும்ப நலப் பணிக்குச் சோதனைக் களமாக இருந்தது. வீட்டுக்குள் வந்து, பாயில் உட்கார்ந்து, பெரியவர்களிடம் பேசுகிற பெண்ணின் சொல்தான் ஏறும். இன்று அந்த வேலை கிராம சுகாதார செவிலியருடையது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டில் வந்து பார்ப்பது தேசியத் திட்டத்தின் கணக்கு. அவர் வருகிற நேரத்துக்குக் குளியலைத் தள்ளி வைத்து, பாட்டி ஊற்ற, அவர் பார்க்கும்படி செய்யுங்கள். "காலில் போட்டு ஊத்துறது ரொம்ப நல்லாருக்கு பாட்டி, மூக்குல மட்டும் வேணாம்" என்று அவர் சொன்னால் வேலை முடிந்தது. யாரையும் திட்டி அனுப்ப வேண்டியதில்லை. அந்தக் கைகளுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி சரியானதுதான்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் வாரம் மூன்று முறை போதும் என்கிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் தினமும் ஊற்றினாலும் தப்பில்லை, அதற்கு மேல் வேண்டாம். காய்ச்சல், தடுப்பூசி போட்ட நாள், பால் குடிக்காத நாள் என்றால் துடைத்து விடுங்கள்.

குளிக்க ஊற்றும் நேரத்தின் பெரிய பயன் சுத்தம்கூட இல்லை. ஒரு நாளில் குழந்தையை முழுதாக, துணியில்லாமல், வெளிச்சத்தில் பார்க்கிற ஒரே நேரம் அது. ட்யூப்லைட்டில் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முகத்திலும் மார்பிலும் லேசான மஞ்சள் பல குழந்தைகளுக்கு வரும். பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாக இருந்தாலும் அன்றே மருத்துவமனை. காலை வெயிலில் காட்டிக்கொண்டிருப்பது அதற்குச் சிகிச்சை ஆகாது. இதோடு ஓர் எச்சரிக்கை: பிள்ளைக்குப் போர்த்த பீரோவிலிருந்து எடுக்கிற பழைய சேலையிலும் போர்வையிலும் அந்துருண்டை வாசனை இருந்தால் அப்படியே பயன்படுத்தாதீர்கள். சிலவகை ரத்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த நெடியே ரத்த அணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். குறைபாடு இருப்பது முன்கூட்டித் தெரியாது. துவைத்து, நல்ல வெயிலில் காயப்போட்டு, வாசனை போன பிறகுதான் எடுக்க வேண்டும்.

தொப்புளைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சீழ், நாற்றம்; உடம்பில் பத்துக்கு மேல் சீழ்க் கொப்புளம் அல்லது ஒரு பெரிய கட்டி; நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு, மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்ளே குழிவது; பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவள்வது, வலிப்பு; போர்த்தி மார்போடு அணைத்தும் சூடேறாத உடம்பு. இதில் எது தெரிந்தாலும் அன்று குளியல் இல்லை. நாட்டு வைத்தியத்துக்கும் நாளைக் காலைக்கும் காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள், குழந்தை பிறந்து எத்தனை நாள், எவ்வளவு எடை என்பதை முதலிலேயே சொல்லுங்கள். வண்டி வரும்வரையிலும், வண்டிக்குள்ளும், குழந்தை தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக இருக்கட்டும். நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் போக்குவரத்தும் இலவசம். உங்கள் பகுதி சுகாதார செவிலியரின் போன் எண்ணை, பிள்ளை வீட்டுக்கு வருமுன்பே, அடுக்களைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள்.